பொன்முடியில் கண்ட ஆஸ்திரேலியா

கடல் கடந்து வாழும் அன்பர்களுக்கு, கடலை நாலைந்து முறையே கண்ட ஒரு மலைவாசியின் வணக்கம்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் உழைத்ததும் பொன்முடியில். திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வந்து, விதுராவைக் கடந்து, கல்லாற்றைத் தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் எங்கள் மலை. கடல் மட்டத்துக்கு மேல் 1,100 மீட்டர் உயரம். என் பாட்டனார் தென்காசிப் பக்கத்திலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக, திருவிதாங்கூர் அரசர் காலத்தில், தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர். என் தந்தையார் தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலை பார்த்தார். நான் நாலெழுத்துப் படித்திருந்தமையால் தோட்ட அலுவலகத்தில் எழுத்தனாகி, 2007-இல் ஓய்வு பெற்றேன். என் மகன் மெல்போர்ன் நகரில் வாழ்கிறான். அவன் வாயிலாக உங்கள் சங்க இதழ் எனக்குக் கிடைக்கிறது. படித்து முடித்ததும் லயத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த முதியவர் இருவருக்குக் கொடுப்பேன். ஆகவே இவ்விதழுக்குப் பொன்முடியில் மூன்று வாசகர்கள் உண்டு என்பதை ஆசிரியர் அறிந்து மகிழ்வாராக.

சென்ற டிசம்பர் மாதம் மகன் தன் குடும்பத்துடன் வந்து மூன்று வாரம் தங்கினான். உங்களுக்கு அது கோடை விடுமுறை, எங்களுக்குப் பனிக்காலம். பேரனுக்கு வயது 13. பள்ளியில் அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பழைய திரைப்படங்களையும் தொலைக்காட்சிப் பதிவுகளையும் பார்த்து, ஆஸ்திரேலிய மக்களின் வாழ்க்கையும் சமுதாயமும் எவ்வாறு மாறி வந்தன என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதற்கான படங்களை அவன் தன் கணினியில் சேர்த்துக் கொண்டு வந்திருந்தான். "தனியாகப் பார்த்தால் தூக்கம் வருகிறது, தாத்தா. நீங்களும் வாருங்கள்" என்றான். மூடுபனி இறங்கி வாசல் மறைந்த பிறகு, கம்பளியைப் போர்த்திக் கொண்டு இருவரும் அமர்வோம். ஆங்கிலம் எனக்குப் படிக்க வரும். வெள்ளையர் பேச்சு விரைவில் பிடிபடாது. அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவனுக்குத் தமிழ்ச் சொல் அகப்படாத இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன். இவ்வாறு, போகாத நாட்டைப் பத்து இரவுகளில் கண்டேன். கண்டவற்றையும், அவற்றைக் காணப் போய் என் வீட்டைப் பற்றி நான் தெரிந்து கொண்ட ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

படம் பார்ப்பது எனக்குப் புதிதன்று. என் சிறு வயதில், ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, அரசாங்கத்தின் செய்தி வண்டி ஒன்று இம்மலைக்கு ஏறி வரும். ஆள் கணக்கெடுக்கும் திடலில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். எந்திரம் உறுமும். 1948-இல் தொடங்கப் பெற்ற மத்திய அரசின் திரைப்படப் பிரிவு எடுத்த செய்திப் படங்கள் துணியில் ஓடும். அணைக்கட்டுகள், அணிவகுப்புகள், கோதுமை வயல்கள், பிரதமர் கை அசைத்தல். எங்கள் பாட்டி முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, எல்லாம் முடிந்து துணியை அவிழ்க்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். "நம் மலை எப்போது வரும்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். அவள் சாகும் வரையில் வரவில்லை. இந்தக் கேள்வியை வாசகர்கள் சற்றே நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன்.

முதல் இரவிலேயே எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர்கள் அனுப்பிய மாரியஸ் செஸ்தியே என்பவர் 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஓட்டலில் நம் நாட்டின் முதல் திரைக்காட்சியை நடத்தினார். இதை நான் முன்பே படித்திருந்தேன். அதே மனிதர் அங்கிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியா சென்று, அதே ஆண்டு நவம்பரில் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்தைப் படம் பிடித்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன். புகைவண்டியிலிருந்து கூட்டம் இறங்குகிறது. நீண்ட பாவாடை அணிந்த பெண்கள். தொப்பியில்லாத தலை ஒன்று கூட இல்லை. குதிரைகள் ஒரு கணம் தோன்றி மறைகின்றன. "இவர்கள் அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள் அல்லவா?" என்றான் பேரன். ஆம், இறந்துவிட்டார்கள். ஆயினும் புகைவண்டியிலிருந்து இறங்கிக் கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டாம் இரவு, கெல்லி கூட்டத்தாரின் கதை. நெட் கெல்லி என்னும் கொள்ளைக்காரனைப் பற்றிச் சார்லஸ் டெய்ட் என்பவர் எடுத்த இப்படம் 1906 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் திரையிடப் பெற்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய இதனை உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் என்பர். யுனெஸ்கோ 2007-இல் இதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆயினும் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 17 நிமிடம். அதிலும் பல இடங்களில் கறை தின்றிருக்கிறது. அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. எளிதில் தீப்பற்றும், தீப்பற்றாவிட்டாலும் தானே நைந்து பொடியாகும். ஓடி முடிந்த படத்தை வைத்திருப்பதால் என்ன பயன் என்று எண்ணி எறிந்தவர்களும் பலர். எஞ்சிய துண்டுகளை ஒன்று சேர்த்தது கான்பெராவிலுள்ள தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம். இப்பெயரில் அது தனி நிறுவனமானது 1984-இல்.

அடுத்த இரண்டு இரவுகள் செய்திப் படங்களும் தொலைக்காட்சியும். ஆட்டு ரோமம் கத்தரிப்போர், கடலில் மூழ்குவோரைக் காப்பாற்றும் இளைஞர்கள் கொடியேந்திக் கடற்கரையில் நடப்பது, 1932 மார்ச் 19 அன்று சிட்னித் துறைமுகப் பாலத் திறப்பு விழா. முதலமைச்சர் நாடாவை வெட்டுமுன், டி குரூட் என்பவர் குதிரைமேல் வந்து வாளால் வெட்டிவிட்டார். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு 1956: செப்டம்பர் 16 அன்று சிட்னியில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடக்கம், நவம்பரில் மெல்போர்ன் ஒலிம்பிக் பந்தயம். அந்த நவம்பர் முதல் தேதி இங்கே கேரள மாநிலம் பிறந்தது; கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எங்கள் உறவினர் பாதிப் பேர் ஒரே நாளில் வேறு மாநிலத்தவர் ஆனார்கள். அங்கே மக்கள் கடைக் கண்ணாடிக்கு முன் கூடி நின்று தொலைக்காட்சி பார்த்த நாளில், இங்கே நாங்கள் எந்தப் பக்கத்தவர் என்று என் தந்தையார் யோசித்துக் கொண்டிருந்தார்.

அந்தத் தொலைக்காட்சித் தொடக்கத்தைப் பற்றிப் பேரன் ஒரு செய்தி சொன்னான். புரூஸ் கிஞ்செல் என்பவர் தோன்றி மக்களை வரவேற்கும் காட்சி அந்நாட்டில் எல்லோரும் அறிந்தது. ஆனால் அன்று ஒளிபரப்பானதை எவரும் பதிவு செய்யவில்லை. நாம் காண்பது பின்னர் மீண்டும் நடித்து எடுத்தது. இதைக் கேட்டதும் நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணால் கண்டது எல்லாம் நடந்தபடியே நடந்தது என்று கொள்ளலாகாது; நடந்தது எல்லாம் கண்ணுக்கு வரும் என்றும் கொள்ளலாகாது. இந்த எச்சரிக்கையோடுதான் மற்றப் படங்களைப் பார்த்தேன்.

பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. இந்தப் படங்களில் வீடு அழகாயிருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் புல்வெளி, தந்தை வேலைக்குப் போகிறார், தாய் அடுப்படியில் சிரிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை கடற்கரை. எங்கள் செய்தி வண்டிப் படங்களில் கோதுமை வயல் எப்படி எப்போதும் விளைந்தே இருந்ததோ அப்படி. குறை சொல்லவில்லை. ஒரு நாடு தன்னை எவ்வாறு காண விரும்பியது என்பதை இவற்றிலிருந்து நன்றாகவே தெரிந்து கொள்ளலாம். எப்படி இருந்தது என்பதை அறிய, படத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் இரவு குடியேறியோர் படங்கள். போருக்குப் பின் ஆஸ்திரேலிய அரசு ஐரோப்பாவிலிருந்து மக்களை வரவேற்றது. அது பற்றி அரசே எடுத்த படங்களில் 1952-இல் வந்த 'மைக்கும் ஸ்டெபானியும்' என்பது என் மனத்தை உருக்கியது. போரில் பிரிந்த உக்ரேனியக் கணவனும் மனைவியும் ஜெர்மனியில் அகதி முகாமில் மீண்டும் சேர்ந்து, ஆஸ்திரேலியா செல்ல விண்ணப்பிக்கிறார்கள். நடித்தவர்கள் உண்மையான அகதிகள். அதிகாரி கேள்வி கேட்கிறார். அவர்கள் விடை சொல்கிறார்கள். அந்த முகங்களில் இருந்த அச்சத்தை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. என் மகன் சென்னையில் நேர்காணலுக்குச் சென்ற அன்று நானும் அவன் தாயும் வீட்டில் உணவு கொள்ளாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. பிறகு 1966-இல் வெளிவந்த ஒரு நகைச்சுவைப் படம்: இத்தாலியப் பத்திரிகையாளர் ஒருவர் சிட்னிக்கு வந்து, வேலை கிடைக்காமல், செங்கல் சுமந்து, அவ்வூர்ப் பேச்சும் பழக்கமும் கற்று, அவர்களுள் ஒருவராகிறார். சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் பேரன் கேட்டான்: "தாத்தா, நாம் எப்போது வருவோம்?"

என் பாட்டியின் கேள்வி அது. அவளை அவன் கண்டதில்லை. அவள் பேசிய தமிழில் பாதி அவனுக்குப் புரியவும் புரியாது. ஆனால் அதே கேள்வி.

அன்று மகனும் எங்களோடு இருந்தான். அவன் தன் பிள்ளைக்கு விளக்கினான். 1901-இல் ஆஸ்திரேலியா ஒரு கூட்டாட்சியானதும் முதலில் இயற்றிய சட்டங்களுள் ஒன்று குடியேற்றத் தடைச் சட்டம். வெள்ளையர் அல்லாதார் வரலாகாது என்று அதில் எழுதவில்லை. ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்களை அதிகாரி சொல்ல, வந்தவர் எழுத வேண்டும் என்று எழுதினார்கள். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் அறிந்தவருக்கு வேறொரு மொழியில் சோதனை வைக்கலாம். இச்சோதனை 1958-இல்தான் நீக்கப் பெற்றது. நிறத்தைப் பார்க்கும் கொள்கை 1973-இல் முற்றிலும் கைவிடப் பெற்றது. "அதனால்தான் இந்தப் படங்களில் நாம் இல்லை. நம்மை வரவேற்க எடுத்த படம் அல்ல இது" என்றான் மகன். பேரன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நான் இதை என் கட்டுரையில் எப்படி எழுதுவது? இல்லாததை எப்படிக் காட்டுவது?" என்றான்.

நல்ல கேள்வி. விடை அடுத்த இரவே கிடைத்தது. 1954-இல் ஜான் ஹெயர் எடுத்த படம் ஒன்று. பாலைவனத்தில் பேர்ட்ஸ்வில் தடம் என்னும் வழியில் டாம் குரூஸ் என்பவர் சரக்கு வண்டியில் தபால் கொண்டு செல்வதைக் காட்டுவது. வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. மணலில் வண்டி புதைகிறது; தள்ளுகிறார்கள்; மீண்டும் புதைகிறது. இடையே ஒரு முதியவர் தோன்றினார். அவரைக் கண்டதும் என்னை அறியாமல் "நிறுத்து!" என்றேன். தென்காசிச் சந்தையிலோ பாளையங்கோட்டையிலோ நான் கண்டு பழகிய ஒரு பாய் வீட்டுப் பெரியவர் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் நிற்பது போல இருந்தது.

அவர் பெயர் பெஜா தெர்வீஷ். பலூசிஸ்தானத்தில் பிறந்தவர், பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணி செய்தவர், ஒட்டகம் ஓட்ட ஆஸ்திரேலியா சென்று, 1896-இல் பாலைவனத்தை ஆராயப் புறப்பட்ட ஒரு குழுவின் ஒட்டகங்களை நடத்தியவர். மேரீ என்னும் சிற்றூரில் வாழ்ந்து 1957-இல் காலமானார். நம் நாட்டின் வடமேற்கிலிருந்தும் ஆப்கானிய நாட்டிலிருந்தும் சென்ற இவர்கள் எல்லோரையும் 'ஆப்கானியர்' என்றே அங்கு அழைத்தார்கள். தந்திக் கம்பிக்கும் சுரங்கத்துக்கும் ஆட்டுப் பண்ணைக்கும் வேண்டிய பொருளைச் சுமந்தவை இவர்களுடைய ஒட்டகங்கள். சட்டம் கதவை அடைப்பதற்கு முன்பே உள்ளே போய், கதவுக்கு அப்பால் முதுமை அடைந்தவர் பெஜா. அவர் திரையில் இருப்பது சிறிது நேரமே. ஆனால் அவர் யார் என்று நமக்குத் தெரிகிறதே, எதனால்? யாரோ அவர் பெயரைக் கேட்டு எழுதி வைத்தார்கள், அதனால்.

அந்நாட்டின் முதற்குடி மக்களின் நிலையோ இதனினும் வருந்தத் தக்கது. அவர்கள் படத்தில் இல்லாமல் இல்லை. தொடக்கம் முதலே இருக்கிறார்கள். 1898-இல் டாரஸ் நீரிணைத் தீவு ஒன்றில் ஹாடன் என்ற ஆங்கில அறிஞரும், 1901-இல் நாட்டின் நடுப்பகுதியில் பால்ட்வின் ஸ்பென்சரும் அவர்களுடைய ஆடல்களையும் சடங்குகளையும் படமாக்கினார்கள். ஆயினும் எடுத்தவர் பெயர் நூல்களில் நிற்க, ஆடியவர் பெயர் பெரும்பாலும் நிற்கவில்லை. 1955-இல் வந்த 'ஜெட்டா' என்னும் வண்ணப் படத்தில்தான் முதல் முறையாக அம்மக்கள் இருவர் தலைமை வேடங்களில் நடித்தனர். 1961-இல் தொலைக்காட்சியின் 'நான்கு மூலைகள்' என்னும் நிகழ்ச்சி, நியூ சவுத் வேல்ஸில் பாக்ஸ் ரிட்ஜ் என்ற குடியிருப்புக்குச் சென்று அவர்கள் வாழ்ந்த வறுமையை நாட்டுக்குக் காட்டியது. மக்கள்தொகைக் கணக்கில் அவர்களை முழுமையாகச் சேர்க்க வழி செய்த வாக்கெடுப்பு 1967-இல் நடந்தது. தொலைக்காட்சி ஒன்றால் மட்டும் அது நிகழவில்லை. நெடுநாள் போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. ஆயினும் கேமராவைச் சற்றே திருப்பினால் என்ன தெரியும் என்பதற்கு அது சான்று.

இப்போது அந்நாட்டுக் காப்பகங்கள் அத்தகைய படங்களுக்கு முன்னால் ஓர் அறிவிப்பு வைக்கின்றன. இறந்தவர்களின் உருவமும் குரலும் இதில் இருக்கலாம் என்று முதற்குடி மக்களை முன்கூட்டியே எச்சரிக்கும் அறிவிப்பு அது. இறந்தவரைக் காண்பதும் பெயர் சொல்வதும் அவர்களுட் பலருக்குத் துக்க மரபோடு சேர்ந்தவை. அதைப் பார்த்தபோது, பொருட்காட்சிச் சாலைக்குள் நுழைந்த நான் திடீரென ஒருவர் வீட்டுக்குள் நிற்பதாக உணர்ந்தேன். நமக்குப் பழைய படம், அவர்களுக்குப் பாட்டன்.

எட்டாம் இரவு பேரன் என்னை மடக்கினான். "ஆஸ்திரேலியாவில் பெயர் இல்லை, முகம் இல்லை என்கிறீர்கள். இங்கே மட்டும் இருக்கிறதா? பொன்முடியைப் பற்றிப் பழைய படம் உண்டா?"

எங்கள் தோட்டத்தைப் பற்றி நான் கண்ட படம் இல்லை. ஆனால் இம்மலையின் அடிவாரத்து நகரில் எடுத்த ஒரு படத்தின் கதையைச் சொன்னேன். அகஸ்தீசுவரத்தில் பிறந்த தமிழர் ஜே. சி. டேனியல் தம் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் படநிலையம் அமைத்து, 'விகதகுமாரன்' என்னும் ஊமைப் படத்தை எடுத்தார். கேரளத்தின் முதல் கதைப்படம் அது. வெளிவந்தது 1928 என்பாரும் 1930 என்பாரும் உண்டு. பெயருக்குக் காணாமற்போன பிள்ளை என்று பொருள். திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் பிள்ளையை ஒரு தீயவன் இலங்கைக்குக் கடத்திச் செல்கிறான். அப்பிள்ளை அங்கே ஒரு தோட்டத்தில் கூலியாக வளர்கிறான். பின்பு உயர்ந்து மேற்பார்வையாளனாகி, ஊர் திரும்பி, முதுகிலுள்ள தழும்பால் பெற்றோரைச் சேர்கிறான். தோட்டத்துக்குப் போன பிள்ளையின் கதை! நாங்கள் பார்த்திருக்க வேண்டிய படம். ஆனால் இன்று அதன் பிரதி ஒன்று கூட உலகில் இல்லை. அதில் கதாநாயகியாக நடித்த பி. கே. ரோசி ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். உயர்சாதிப் பெண்ணாக அவர் திரையில் தோன்றியதைப் பொறாதவர்கள் கலகம் செய்தார்கள். அவர் ஊரை விட்டே தமிழ்நாட்டுப் பக்கம் போய், பெயர் தெரியாதவராக வாழ்ந்தார். படத்தில் வந்த காணாமற்போன பிள்ளையாவது திரும்பினான்.

அடுத்து 1933-இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' இன்றும் இருக்கிறது. அது பிழைத்த வரலாறு விந்தையானது. நாவலின் உரிமை தொடர்பாக வழக்கு எழுந்து, படச்சுருள் கைப்பற்றப் பெற்று, திருவனந்தபுரத்துப் புத்தக நிலையம் ஒன்றில் முடங்கிக் கிடந்தது. எவரும் திரையிடவில்லை, ஆகவே தேயவும் இல்லை. புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் 1974-இல் அதை மீட்டது. 1964-இல் தோன்றிய அக்காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி. கே. நாயர் திருவனந்தபுரத்துக்காரர்தாம். போற்றிய படம் அழிய, பூட்டிய படம் பிழைத்தது.

இதை நான் பெருமையோடு சொல்லிக் கொண்டிருந்தபோது பேரன் இடைமறித்தான்: "நம் வீட்டில் பழைய படம் ஒன்றும் இல்லையா, தாத்தா? ஆச்சி இருக்கிற படம்?"

என் மனைவி 2009-இல் இறந்தாள். பேரன் பிறந்தது 2011-இல். அவளுடைய புகைப்படம் இரண்டு சுவரில் உண்டு. அசையும் படம் ஒன்றே ஒன்று: 1996-இல் நடந்த என் மகளின் திருமண வீடியோ நாடா. தகரப் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். பத்திரம் என்பது என் எண்ணம். எடுத்துப் பார்த்தால் நாடாவின் மேல் வெண்பூஞ்சை அரிசி மாவு தூவியது போல் படர்ந்திருந்தது. இம்மலையின் ஈரத்தில் தோலும் தாளும் நாறும் என்பது எனக்குத் தெரியாததா? ஆண்டுக்கு ஒருமுறை வெயிலில் காட்டவில்லை. வேறொன்றில் மாற்றி வைக்கவும் இல்லை. நைட்ரேட் சுருளை எறிந்தவர்களைப் பற்றி ஆறு இரவுகளுக்கு முன் நீதி பேசியவன் நான்.

மகன் அதைத் திருவனந்தபுரத்துக்கு எடுத்துச் சென்று ஒரு கைத்தொழிலாளியிடம் கொடுத்தான். அவர் பொறுமையோடு துடைத்து, மூன்று மணி நேர நாடாவில் 11 நிமிடத்தை மீட்டுக் கணினிக்கு மாற்றித் தந்தார். தாரை வார்த்துக் கொடுத்தபோது அவள் என் அருகே நின்ற காட்சி போயிற்று. எஞ்சியவை விருந்தினர் வருகை, அன்பளிப்பு, பந்தி. தோட்டத்து அதிகாரிகள் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். நான் வெள்ளை வேட்டியில் அங்குமிங்கும் ஓடுகிறேன். ஏழாம் நிமிடத்தில், படத்தின் இடது ஓரத்தில், கதவருகே ஒரு பெண். புடவையை இழுத்துச் செருகியிருக்கிறாள். கை ஈரம். யாரையோ தேடுகிறாள். திரும்பிப் போய்விடுகிறாள். நாலு நொடி.

"இது யார், சமையற்காரியா?" என்றான் பேரன்.

"உன் ஆச்சி" என்றேன்.

அவன் மீண்டும் ஓட்டினான். மீண்டும். பிறகு கேட்டான்: "ஆச்சி ஏன் இவ்வளவு கொஞ்சமாக வருகிறார்கள்?"

அன்பர்களே, பொய் சொல்லியிருக்கலாம். மற்றப் பகுதியில் நிறைய இருந்தது, அழிந்துவிட்டது என்று சொன்னால் அவன் நம்பியிருப்பான். ஆனால் நடந்தது வேறு. அன்று லயத்தின் பின்புறம் பெரிய அடுப்புகள் மூட்டி, கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து 300 பேருக்குச் சமைத்தார்கள். என் மனைவியும் அவர்களுள் ஒருத்திதான். நான் எழுத்தன் ஆன பின்னும் அவள் கூடையை இறக்கியவள் அல்லள். முகூர்த்தம் முடிந்ததும் அவர்களோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். படமெடுக்க வந்தவர் அங்கே போகப் புறப்பட்டார். நான் தடுத்தேன். "அங்கெல்லாம் எடுக்க வேண்டாம். புகை, சேறு. முன்பக்கம் போதும்" என்றேன். அதிகாரிகளின் கண்ணில் என் வீடு லயமாகத் தெரியக் கூடாது என்ற ஆசை. கேமரா எங்கே திரும்ப வேண்டும் என்று சொன்னவன் நானே. பூஞ்சை தின்றது பாதி. நான் விலக்கியது பாதி.

இதை அப்படியே பேரனிடம் சொன்னேன். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "ஆச்சி எதற்காக வந்தார்கள்? யாரைத் தேடினார்கள்?" என்று மட்டும் கேட்டான். எனக்கு நினைவிருந்தது. மூன்றாம் பந்திக்கு இலை போதவில்லை. அதைச் சொல்ல என்னைத் தேடி வந்தாள். நான் அதிகாரிகளோடு இருந்ததைக் கண்டு, கூப்பிடாமல் திரும்பிப் போய், தானே ஆளனுப்பிக் காட்டோரத்து வாழையை வெட்டச் செய்தாள். அவன் அதை எழுதிக் கொண்டான். படத்தில் இருப்பது நாலு நொடி. அதன் பொருள் என் வாயில் இருந்தது. நான் இறந்திருந்தால் அது ஒரு சமையற்காரியின் நாலு நொடியாகவே நின்றிருக்கும்.

எஞ்சிய இரண்டு இரவுகளும் ஆஸ்திரேலியப் படங்களைப் பார்க்கவில்லை. அந்த 11 நிமிடத்தையே நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். முகம் தெரியும்படி அதில் 31 பேர் இருக்கிறார்கள். 27 பேருடைய பெயரும் ஊரும் நான் சொன்னேன், அவன் எழுதினான். மற்ற நால்வருக்காக, உங்கள் இதழைப் படிக்கும் அந்த முதியவர் இருவரையும் அழைத்து வந்தேன். மூவரை அவர்கள் கண்டு சொன்னார்கள். அவர்களுள் ஒருத்தி புலியங்குடியிலிருந்து மணமாகி வந்து, அடுத்த ஆண்டே மழையில் வழுக்கி விழுந்து இறந்தவள். அவள் பெயரைச் சொன்ன பெரியவர் வெகுநேரம் கண்ணைத் துடைத்துக் கொண்டிருந்தார். ஒருவர் மட்டும் இன்றுவரை யாரென்று தெரியவில்லை.

உங்களுக்கு நான் அறிவுரை கூறத் தக்கவன் அல்லேன். நாடாவைக் கெடுத்தவனின் வேண்டுகோளாகக் கொள்ளுங்கள். உங்கள் பெட்டிகளில் பழைய நாடாவும் சுருளும் இருந்தால் இந்த மாதமே வெளியே எடுங்கள்; கணினிக்கு மாற்றுங்கள்; ஒன்றுக்கு இரண்டு பிரதியாக இரண்டு வீடுகளில் வையுங்கள். இப்போது ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. பிறந்தநாள் மாவுப்பண்டத்தையே எடுக்காமல், அதைச் செய்தவரையும் எடுங்கள். இரவு வேலை முடிந்து வருகிறவரையும் எடுங்கள். அந்நாட்டுப் பழைய படங்களில் நாம் இல்லாமைக்கு ஒரு சட்டம் காரணமாக இருந்தது. நம் படங்களில் நம்மவர் இல்லாமற் போனால் அதற்குச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர்களை அருகில் உட்கார வைத்துக் கொண்டு பாருங்கள். "இது யார்?" என்று கேளுங்கள். சொல்வதை எழுதுங்கள்.

பேரன் தன் கட்டுரையைப் பள்ளியில் கொடுத்துவிட்டான். மதிப்பெண் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. மெல்போர்ன் குதிரைப் பந்தயத்தில் தொடங்கி, பெஜா தெர்வீஷ் வரை எழுதி, கடைசிப் பக்கத்தில் 30 பெயர்களை வரிசையாகப் போட்டிருக்கிறானாம். முதற்பெயர் அவன் ஆச்சியுடையது. 31-ஆம் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான். அந்த ஒருவரை நான் இங்கே விசாரித்துக் கொண்டிருக்கிறேன்.